உருளி இல்லை, உருளி அல்ல

பதினொரு கிலோ வெண்கல உருளி ஒன்றுக்கு என் நிரல் பூஜ்யம் கிலோ என்று கணக்குப் போட்டது. அந்த ஒன்றுக்கு மட்டுமில்லை, அன்றைக்குப் பதிந்த உருளிகள் அத்தனைக்கும். எச்சரிக்கை கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. சமர்த்தாக ஒரு மொத்தத்தைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது. மாமா அதை நம்பி, கொச்சியிலிருந்து மொத்தமாக எடுக்க வந்த வியாபாரியிடம் வெண்கலம் முழுக்க ஒரே விலை என்று பேசி முடித்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போதுதான் தராசு வேறு கதை சொன்னது. பேசின விலை பேசின விலைதான் என்று மாமா வாயைத் திறக்காமல் ஏற்றி அனுப்பிவிட்டார். சாயங்காலம் எனக்குப் போன்.

"ஏத்தா, ஒன் கம்ப்யூட்டருக்கு உருளின்னா என்னன்னு தெரியாதா?"

தெரியாதுதான். தெரியவைக்க நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளைப் பங்காளிகள் பிரிக்கும்போதும் இடிக்கும்போதும் வெளியே வருகிற எல்லாம் அந்தத் தெருவுக்கு வந்து சேரும். பர்மா தேக்குத் தூண், கல்லாப்பெட்டி, மங்குத் தட்டு, ரவிவர்மா அச்சுப் படம், பெல்ஜியம் கண்ணாடி, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத ஒரு வாளி நிறையச் சாவி. மாமா இதையெல்லாம் நீளவாக்கு நோட்டில் எழுதிவந்தார். நான் சென்னையை விட்டு காரைக்குடி செக்காலை வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, "நான் கணக்கை கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன்" என்று வாயைக் கொடுத்தேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக் கொடுத்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். நான் என் சொந்தக் கணினி மொழியில் எழுதினேன்.

பகலில் கம்பெனிக்கு ஜாவா, ராத்திரியில் எனக்கே எனக்கென்று ஒரு மொழி. அதன் பெயர் கொட்டான். இங்கே பனையோலையில் முடைவார்களே, அந்தக் கொட்டான். சீர் வைக்கவும் உதவும், வெங்காயம் போட்டு வைக்கவும் உதவும். இன்டர்பிரட்டரை, அதாவது கொட்டானைப் படித்து ஓட்டும் நிரலை, சி மொழியில் எழுதியிருக்கிறேன். கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். தமிழில் நிரல் எழுத எழில் என்ற மொழி முன்பே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த வீட்டில் ரசம் கொதிக்கிறது என்பதற்காக நம் வீட்டில் ரசம் வைக்காமல் இருக்கிறோமா?

முதல் வருஷம் கொட்டானில் டைப், அதாவது எது என்ன வகை என்ற குறிப்பு, என்ற பேச்சே இல்லை. ஆப்ஜெக்ட் என்றால் நிரலுக்குள் ஒரு சாமானுக்கு உள்ள பதிவு. எந்த ஆப்ஜெக்டிடமும் எதையும் கேட்கலாம், இருந்தால் தரும். கடைக் கணக்கு பெரிதாக ஆக, எங்கே எதைக் கேட்கிறேன் என்று எனக்கே புரியாமல் போனது. அதனால் வேரியபிளுக்கும் (ஒரு மதிப்புக்கு நிரலில் வைக்கும் பெயர்) லிஸ்டுக்கும் டைப் எழுதும் வசதி சேர்த்தேன். கூடவே கிளாஸ் மரம், கிளாஸ் என்றால் சாமானின் இனம். உச்சியில் பொருள். அதிலிருந்து பாத்திரம், மரச்சாமான், படம் என்று மூன்று கிளை. பாத்திரத்துக்குக் கீழே உலோகப்பாத்திரம் ஒரு பக்கம், மங்கு ஒரு பக்கம். இந்தப் பிரிவு கடைக்கு முக்கியம். பித்தளையும் வெண்கலமும் எடைக்கு விலை. மங்கு என்பது இரும்புத் தகட்டின் மேல் பூசிச் சுட்ட பூச்சு, அதை யாரும் கிலோ கணக்கில் வாங்குவதில்லை. ஓரம் உதிராமல் இருக்கிறதா, பூ அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை. ஆக எடை என்ற தகவல் உலோகப்பாத்திரத்துக்கு மட்டும்தான் உண்டு.

சரி, இப்போது சிக்கல் தொடங்குகிறது. கடையில் உள்ள சாமான் எல்லாம் ஒரே லிஸ்ட். அதன் டைப் பொருள்களின் பட்டியல். உலோகப்பாத்திரம் எல்லாமே பொருள்தான் என்பதால் உருளியை அந்த லிஸ்டில் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். கீழிருந்து மேலே போவது எப்போதும் இலவசம். ஆனால் லிஸ்டிலிருந்து ஒன்றை எடுக்கும்போது, நிரல் ஓடுவதற்கு முன்பே அதைப் படித்துச் சரிபார்க்கும் கம்பைலருக்குத் தெரிவது "இது ஒரு பொருள்" என்பது மட்டுமே. அதனிடம் எடை கேட்டால், பொருளுக்கு எடை கிடையாது என்று தடுக்கும். தடுப்பதும் நியாயம்தான், கையில் வந்தது ரவிவர்மா படமாக இருக்கலாம். மேலிருந்து கீழே இறங்க வேண்டுமென்றால் நிரல் ஓடும் நேரத்தில் ஒருவர் அந்தச் சாமானைத் தூக்கிப் பார்த்து, ஆமாம் இது உலோகம்தான் என்று சொல்ல வேண்டும். இதைத்தான் ஆங்கிலப் புத்தகங்களில் டைப் காஸ்டிங் என்கிறார்கள்.

இதை ஒருநாள் கடையில் வைத்து மாமாவிடம் விளக்கப் பார்த்தேன். "டைப் காஸ்ட்டா? அதுலயும் சாதியா?" என்று கேட்டுவிட்டுத் தூணுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டார்.

காஸ்ட் என்ற சொல்லோடு எனக்கு வேறு ஒரு சண்டை உண்டு. அதைத் தமிழில் வார்ப்பு என்றும் வகை மாற்றம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே ஆளைக் குழப்பும். வார்ப்பு என்றால் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது, உருளியைத்தான் வார்ப்பார்கள். ஆப்ஜெக்டை இறக்கிக் காஸ்ட் செய்யும்போது எதுவும் உருகுவதில்லை, எதுவும் மாறுவதில்லை. உருளி முதலிலிருந்தே உருளிதான், அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மட்டும் கூடுகிறது. 3.7 என்ற எண்ணை முழு எண்ணாக்கினால் 3 ஆகும், அந்த 0.7 போனது போனதுதான். அது உண்மையான மாற்றம். சி மொழியிலும் ஜாவாவிலும் இந்த இரண்டு வேலையையும் ஒரே அடைப்புக்குறியால் எழுதவைத்ததால், இரண்டும் ஒன்று என்று கல்லூரியில் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கொட்டானில் எண்ணை மாற்ற ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதோடு சரி. காஸ்டுக்குத் தனிச் சொல் வேண்டும்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நாம் பேசும்போதே அது வாயில் இருக்கிறது. "அவரை ஒரு டாக்டராகப் பார்க்கிறேன்", "இதைப் பாத்திரமாகக் கணக்கெடு". ஆக! ஒரே ஒரு விகுதி. அதை எழுதி முடித்த பிறகு பழைய மொழிகளைப் புரட்டினேன். ஆஸ்லோவில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில்தான் கிளாஸ், சப்கிளாஸ் எல்லாமே முதலில் வந்தது. அதிலேயே இந்த இறங்கும் வேலைக்கு ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் குவா. லத்தீன் சொல், "இன்ன முறையில், இன்னதாக" என்று பொருள். 1967-ல் நார்வேக்காரர்கள் லத்தீனில் தேடி எடுத்தது நமக்கு விகுதியாகச் சும்மா கிடக்கிறது என்று அன்றைக்கு ராத்திரி ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் காலை வரைக்கும்தான். பாத்திரம் என்பதோடு ஆக சேர்ந்தால் பாத்திரமாக. தட்டு என்றால் தட்டாக. பெட்டி என்றால் பெட்டியாக. மகரம் கெட்டு, உகரம் ஓடி, யகரம் நுழைந்து, சொல்லுக்குச் சொல் உருவம் மாறுகிறது. கிளாஸின் பெயரைப் பிரித்து எடுக்க என் இன்டர்பிரட்டருக்கு முதலில் புணர்ச்சி விதி படித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் முயற்சி செய்தேன். புணர்ச்சியைச் சரியாகப் பிரித்தது. கூடவே, யாரோ ஒரு வேரியபிளுக்கு "கணக்காக" என்று பெயர் வைத்தால் அதையும் பிரித்தது. கைவிட்டேன். இப்போது இடைவெளி விட்டு எழுத வேண்டும்:

    சாமான்கள் ஒவ்வொன்றாக சா:
        மொத்தம் = மொத்தம் + (சா உலோகப்பாத்திரம் ஆக).எடை

நிரலின் வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சருக்கு இது சிரமமே இல்லை. ஒரு மதிப்புக்குப் பக்கத்தில் குறி ஏதும் இல்லாமல் இன்னொரு பெயர் வந்தால் கொட்டானில் அது எப்படியும் பிழைதான். இப்போது அந்த இடத்தில் பிழை என்று கத்துவதற்குப் பதிலாக, அடுத்த சொல் ஆக என்று இருக்கிறதா என்று பார்க்கிறது. பத்துப் பன்னிரண்டு வரி சேர்த்தது, அவ்வளவுதான்.

இனித்தான் உருளி.

காஸ்ட் செய்யும் நேரத்தில் அந்தச் சாமான் உலோகப்பாத்திரமாக இல்லாவிட்டால் என்ன செய்வது? நான் யோசிக்காமல் ஒரு வழியை எடுத்தேன். சி ஷார்ப் மொழியில் ஆஸ் என்ற கட்டளை செய்வதைப் போல, பொருந்தாவிட்டால் "இல்லை" என்ற வெற்று மதிப்பைத் திருப்பிக் கொடு. நிரல் நிற்காது, மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முன்பே, டைப் இல்லாத காலத்தில், இன்னும் இரண்டு தாராளம் செய்து வைத்திருந்தேன். இல்லையிடம் எதைக் கேட்டாலும் இல்லை என்றே வரும். கூட்டலில் இல்லை வந்தால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். மூன்றும் தனித்தனியே பார்த்தால் நல்ல பிள்ளைகள். மூன்றும் ஒன்று சேர்ந்த இடத்தில் பதினொரு கிலோ காணாமல் போனது.

உருளிகள் உலோகப்பாத்திரமாக இல்லாமல் போனதும் என் கைங்கரியம்தான். பதிவு செய்யும் திரை, கடைசியாகத் தேர்ந்த வகையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். கடைப் பையனுக்கு வேலை மிச்சம் என்று. அவன் காலையில் பத்து மணைப்பலகையைப் பதிந்துவிட்டு, அடுத்து உருளிகளைப் பதிந்திருக்கிறான். எல்லாம் மரச்சாமான். அதில் எடை கேட்கும் கட்டமே வராது, உயரம் கேட்கும். பாவம், எண் போடுகிற கட்டம் அது ஒன்றுதான் இருக்கிறது என்று அதில் 11 என்று போட்டிருக்கிறான். பதினொரு அடி உயர உருளி!

இதில் ஒரு வேடிக்கை. கொட்டானில் ஆப்ஜெக்ட் என்பது நினைவகத்தில் வரிசையாகக் கட்டின அறைகள். தலைப்பில் அது எந்த கிளாஸ் என்ற சுட்டி, பிறகு எண், விலை, வாங்கிய ஊர் என்று தாய் கிளாஸின் அறைகள், அப்புறம் சொந்த அறைகள். தலைப்பை விட்டுவிட்டு 0-விலிருந்து எண்ணினால், பாத்திரத்தின் கொள்ளளவு 3-ம் அறையிலும், உலோகப்பாத்திரத்தின் எடை 4-ம் அறையிலும் இருக்கும். மரச்சாமானில் 3-ம் அறை மரத்தின் வகை, 4-ம் அறை உயரம். "எடை" என்று எழுதினால் கம்பைலர் அதை "4-ம் அறையை எடு" என்று மாற்றிவிடும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ஸ்டாடிக் காஸ்ட் என்று ஒன்று உண்டு. நாம் சொல்வதை நம்பிவிடும், ஓடும்போது சோதிக்காது. அதே மாதிரி நானும் சோதனையே வைக்காமல் விட்டிருந்தால், நிரல் 4-ம் அறையைத் திறந்து உயரம் 11-ஐ எடுத்து எடை என்று கூட்டியிருக்கும். உருளிகளின் கிலோ சரியாக வந்திருக்கும். தப்பும் தப்பும் சேர்ந்து மாமாவைக் காப்பாற்றியிருக்கும். கூடவே தேக்குத் தூண்களும் உயரத்துக்கு ஏற்ற எடையோடு வெண்கலக் கணக்கில் ஏறியிருக்கும் என்பது வேறு விஷயம்.

உருளி விவகாரத்துக்குப் பிறகு ரெண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கே பிசகினேன் என்பது பிடிபட்டது அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தில். அடுப்படியிலிருந்து, "அது மிளகாய்த்தூள் இல்லடி, மல்லித்தூள்" என்றாள். இல்ல. பேச்சில் எல்லாவற்றுக்கும் இல்லதான். எழுதும்போது அங்கே இல்லை என்று வராது, அல்ல என்று வரும். மிளகாய்த்தூள் இல்லை என்றால் டப்பா காலி. மிளகாய்த்தூள் அல்ல என்றால் டப்பாவில் வேறு ஏதோ இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருமை பன்மையோடு சேர்த்து இதைப் படித்தோம், அன்று, அல்ல, இல்லை என்று. நான் என் மொழிக்குத் தமிழ்ச் சொல் வைத்தேனே தவிர, பேச்சுத் தமிழின் சோம்பலை அதற்குள் வைத்துவிட்டேன். காஸ்ட் பொருந்தாதபோது உண்மையான பதில் "அல்ல". என் நிரல் சொன்ன பதில் "இல்லை". உருளி அங்கேயே, மரச்சாமான் என்ற பெயரில், விலையோடு எண்ணோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டது.

இந்த வெற்று மதிப்புக்கே ஒரு வரலாறு உண்டு. 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக டோனி ஹோர் என்ற கணினி அறிஞர் அதைச் சேர்த்தார். எழுதுவதற்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லி, அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று வருந்தினார். எனக்குச் சில கிலோ வெண்கலத்தோடு போயிற்று.

இப்போது கொட்டானில் ஆக பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நிற்கும். என்ன சாமான், அது உண்மையில் என்ன, நாம் என்னவென்று சொன்னோம் என்று மூன்றையும் சொல்லிவிட்டு நிற்கும்:

    வரி 31: சாமான் 412 ஒரு மரச்சாமான். உலோகப்பாத்திரம் ஆகாது.

ஆகாது என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்தது. இந்த ஒரு வரியை எழுதினதில் எனக்கு இருக்கிற பெருமை, மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராது. ஜாவா மாதிரி நிறுத்துகிறேன் என்று சொல்லலாம், ஆனால் ஒரு இடத்தில் ஜாவாவிடமிருந்து விலகியிருக்கிறேன். ஜாவாவில் வெற்று மதிப்பை எந்த கிளாஸாகக் காஸ்ட் செய்தாலும் பேசாமல் விட்டுவிடும். கொட்டான் விடாது. அங்கே வரும் செய்தி வேறு: "சா இல்லை". கூட்டலில் இல்லையைப் பூஜ்யமாக்கும் தாராளத்தையும் அன்றோடு எடுத்துவிட்டேன். பழைய நிரல்கள் பல இடத்தில் உடைந்தன. உடைந்த இடமெல்லாம் ஏற்கனவே தப்பாக ஓடிக்கொண்டிருந்த இடம்.

ஆனால் மாமாவின் கணக்கில் நிரல் நின்றாலும் வம்புதான். லிஸ்டில் படமும் தூணும் இருப்பது தப்பில்லை, வெண்கலம் கூட்டும்போது அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு வலியுறுத்தக் கூடாது, கேட்க வேண்டும். ஆக என்பது வலியுறுத்தல்: எனக்குத் தெரியும், இது இதுதான், பொய் என்றால் என்னை நிறுத்து. கேட்பதற்கு முதலில் தானா என்று வைத்தேன். "சா உலோகப்பாத்திரம் தானா எனில்" என்று வாசித்தால் எங்கள் தமிழய்யா எழுந்து வந்துவிடுவார் போலிருந்தது. அதனால் "தானா" என்பது "தான்" ஆனது. எதிர்ப்பக்கத்துக்கு, நான் வெட்கப்பட வேண்டிய அளவுக்குத் தாமதமாக, அல்ல:

    சா உலோகப்பாத்திரம் தான் எனில்:
        மொத்தம் = மொத்தம் + சா.எடை

    சா உலோகப்பாத்திரம் அல்ல எனில்:
        அடுத்தது

முதல் துண்டில் ஆக இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அதே பத்திக்குள் மறுபடி வலியுறுத்தச் சொன்னால் எரிச்சலாக இருக்கும். ஜாவாவில் நான் இதைப் பல வருஷம் செய்திருக்கிறேன்: இன்ஸ்டன்ஸ் ஆஃப் என்று கேட்பது, அடுத்த வரியிலேயே அதே கிளாஸுக்குக் காஸ்ட். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதும் வசதி ஜாவா 16-ல், 2021-ல்தான் நிலையாக வந்தது. காட்லின் மொழியில் அதற்கு முன்பே கம்பைலர் தானாகப் புரிந்துகொள்ளும். நான் காட்லின் வழியைப் பிடித்தேன். சரிபார்த்த பத்திக்குள் சா என்ற பெயரின் டைப்பைக் கம்பைலர் குறுக்கிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கேட்டதற்கும் எடுப்பதற்கும் நடுவில் சா வேறு ஆகிவிட்டால்? பத்திக்குள்ளேயே சா-வுக்கு வேறு சாமானை வைத்தால் கேட்டது வீண். சா என்பது லோக்கல் வேரியபிளாக, அதாவது அந்தப் பகுதிக்குள் மட்டும் புழங்கும் பெயராக, இல்லாமல் கடை.கடைசிச்சாமான் மாதிரி ஒரு ஆப்ஜெக்டின் அறையாக இருந்தால் இன்னும் மோசம். நடுவில் கூப்பிடுகிற ஏதாவது ஃபங்ஷன் அதை மாற்றிவிடலாம், கம்பைலருக்குத் தெரியாது. அதனால் கறாராக ஒரு விதி: லோக்கல் பெயராக இருக்க வேண்டும், பத்திக்குள் அதற்கு மறுபடி மதிப்பு வைக்கக் கூடாது, உள்ளே எழுதிய வேறு ஃபங்ஷன் அதைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது. இல்லையென்றால் குறுக்காது, நீங்களே ஆக எழுதுங்கள். "அல்லது" போட்டு இரண்டு கேள்வியைச் சேர்த்தாலும் குறுக்காது. இந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. காஸ்ட் இரண்டு ராத்திரி.

இன்னொரு முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமுலாவில் கேட்பதற்கு இரண்டு கட்டளை. இஸ் என்றால் சரியாக அதே கிளாஸா என்று கேட்கிறோம். இன் என்றால் அந்த கிளாஸோ, அதன் கீழ்க் கிளையில் எதுவோ. நானும் இரண்டும் வைத்திருந்தேன், "தான்" என்றும் "மட்டும்தான்" என்றும். செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதில் ஏமாந்திருக்கக் கூடாது. நகரத்தாருக்கு, அதாவது இங்குள்ள செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில், கோயில் ஒவ்வொன்றும் ஒரு குலப் பிரிவு. அதில் இளையாற்றங்குடிக்கு உள்ளே மட்டும் ஏழு பிரிவு. ஒக்கூர்ப் பிரிவுக்காரரிடம் "நீங்க இளையாத்தங்குடியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். "இல்லை, நான் ஒக்கூர்" என்று சொன்னால் கல்யாணப் பேச்சில் என்ன குழப்பம் வரும்! என் நிரலில் அதுதான் வந்தது. பெட்டிகளின் விலைப்பட்டியலில் "மட்டும்தான்" என்ற சொல்லைப் போட்டு எழுதியிருந்தேன். பிறகு பெட்டிக்குக் கீழே கல்லாப்பெட்டி என்று ஒரு கிளாஸ் சேர்த்த அன்றே கல்லாப்பெட்டி அத்தனையும் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டன. நல்லவேளை, மாமா உருளிக்கு அப்புறம் எல்லாப் பட்டியலையும் விரல் வைத்துப் படிக்கிறார். மட்டும்தானை மொழியிலிருந்தே எடுத்துவிட்டேன். அது வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில் பெரும்பாலும் கிளாஸ் மரத்தை வெட்டினது சரியில்லை.

உள்ளே இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமானின் தலைப்பில் உள்ள சுட்டியைப் பிடி. அந்த கிளாஸ் நாம் கேட்டதா? இல்லையென்றால் அதன் தாய், அதன் தாய் என்று ஏறிக்கொண்டே போ. உச்சிக்குப் போயும் வரவில்லை என்றால், அல்ல. நாலு அடுக்கு மரத்துக்கு இது தாராளம். ஆனாலும் கை சும்மா இருக்குமா? 1991-ல் நார்மன் கோஹன் எழுதிய ஒரு சிறிய கட்டுரையில், எத்தனை அடுக்கானாலும் ஒரே தாவலில் சொல்லிவிடும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கிளாஸும் தன் முன்னோர் வரிசை முழுவதையும் ஒரு பட்டியலாகத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். உச்சியில் பொருள் 0-ம் படி, பாத்திரம் எப்போதும் 1-ம் படியில் இருக்கிற கிளாஸ். அப்படியானால் கையில் உள்ள சாமானின் பட்டியலில் 1-ம் இடத்தைப் பார். அங்கே பாத்திரம் இருந்தால் ஆமாம். ஏறவே வேண்டாம்.

படித்தவுடன் சிரித்துவிட்டேன். இது விலாசம். இங்கே பழைய வீட்டுப் பலகைகளில் பார்க்கலாம், பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்து, பாட்டன், தகப்பன் என்று வரிசையாக. வட்டிக்கடை பர்மாவில் இருந்தாலும் மலேயாவில் இருந்தாலும், ஆள் யார் என்று கேட்டு ஊருக்குக் கடிதம் போட வேண்டியதில்லை, விலாசத்தைப் பார்த்தாலே எந்த வீட்டுக் கிளை என்று தெரிந்துவிடும். கொட்டானின் சி நிரலில் அந்தப் பட்டியலுக்கு நான் வைத்திருக்கும் பெயரும் விலாசம்தான். வேகம் கூடியதா என்றால், மாமாவின் கடையில் யாரும் உணரவில்லை.

விலாசத்துக்குள் அடங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து மரக்கால் ஒன்று வந்தது. மரத்தில் கடைந்து, பித்தளைப் பூண் போட்டது. நெல் அளப்பது. பையன் வந்து கேட்டான், "அக்கா, இத எதுல போட?" மரத்தில் செய்ததால் மரச்சாமான். கொள்ளளவு உண்டு என்பதால் பாத்திரம். கொட்டானில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய். ஜாவா போன்ற மொழிகள் இதற்கு இன்டர்ஃபேஸ் என்று ஒன்றை, "என்னிடம் இன்னதைக் கேட்கலாம்" என்ற வாக்குறுதி மாதிரி, வைத்து, ஒரு கிளாஸ் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம் என்று விட்டன. ஆனால் அங்கே "1-ம் இடத்தைப் பார்" என்ற வித்தை செல்லாது, ஏனென்றால் ஒரு இன்டர்ஃபேஸுக்கு எல்லா கிளாஸிலும் ஒரே படி என்று கிடையாது. பட்டியலைத் தேடத்தான் வேண்டும். தேடின பதிலை நினைவில் வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். அதோடு, ஒரு மரச்சாமான் ஒருநாளும் பாத்திரம் ஆகாது என்று இப்போது என் கம்பைலர் நிரல் ஓடுவதற்கு முன்பே அடித்துச் சொல்கிறது. இன்டர்ஃபேஸ் வந்தால் அந்தத் தைரியமும் போய்விடும்.

மாமாவிடம் கேட்டேன், நோட்டில் எழுதின காலத்தில் மரக்காலை எதில் எழுதுவீர்கள் என்று. "ரெண்டுலயும் எழுதுவேன். வித்தா ரெண்டுலயும் அடிப்பேன்" என்றார்.

இன்டர்ஃபேஸ் வேலையைத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது, இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. அந்த மரக்கால் போன வாரம் விற்றுப்போனது. யாரோ பூச்செடி வைக்க வாங்கிப் போனார்களாம். என் சோதனைக் கோப்பில் மட்டும் அது இன்னும் இருக்கிறது, சாமான் 530, மரச்சாமான், கொள்ளளவு இல்லை.